மூன்று மணிக்கு வாசல் நாற்காலியில்

கண்ணா, இதை அவசரப்படாமல் படி. உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும், அது என் தப்பு, உன் தப்பில்லை. முடியாவிட்டால் நித்யாவை வாசிக்கச் சொல்லிக் கேள். உன் பெண்டாட்டி குரலில் கேட்டால் உனக்குக் கோபமும் கொஞ்சம் குறைவாக வரும். போனில் சொல்லக் கூடாதா என்பாய். போன மாதம் பூராவும் போனில்தானே சொன்னேன்? ஒவ்வொரு முறையும் நீ, "சரிம்மா, சரிம்மா, டென்ஷன் எடுத்துக்காத" என்றாய். எதிர்த்துச் சண்டை போட்டால்கூடத் தாங்கிக்கொள்வேன். "சரிம்மா" என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நம் ஏரியாத் தமிழர்கள் போடுகிற ஆண்டு மலருக்கும் இதன் ஒரு பிரதியைக் கொடுக்கப்போகிறேன். உனக்கு மட்டும் அனுப்பினால், இதையும் ஒரு நோய்க்குறி என்று டாக்டருக்கு அனுப்பிவிடுவாய். நாலு பேர் படித்துவிட்டார்கள் என்றால் கொஞ்சம் யோசிப்பாய் அல்லவா?

இன்னும் இரண்டு மாதத்தில் நீங்கள் இரண்டு பேரும் ஜெர்மனிக்குக் கிளம்புகிறீர்கள். அதற்குள் எனக்கு ஞாபகசக்திப் பரிசோதனை செய்யவேண்டும், பன்வேல் தாண்டி இருக்கிற அந்த முதியோர் இல்லத்தில் என்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறாய். நான் அங்கே போகமாட்டேன் என்று அடம்பிடிப்பதற்காக இதை எழுதவில்லை. தோட்டம் எல்லாம் இருக்கிறதாம், போட்டோவில் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. புத்தி பேதலித்தவள் என்ற பெயரோடு போகமாட்டேன், அவ்வளவுதான். இந்த ஏற்பாடு எல்லாவற்றுக்கும் காரணம் அந்த மூன்று நாள். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

கல்யாணமாகி நீ ஐரோலிக்குக் குடிபோன வாரத்தில், செம்பூர் வீட்டில் சின்னச் சின்ன வெள்ளைப் பெட்டிகளை ஒட்டிவிட்டுப் போனாய். கிச்சனில் ஒன்று, பாத்ரூம் வெளியே ஒன்று, ஃப்ரிட்ஜ் கதவில் ஒன்று, வாசல் பக்கம் ஒன்று. நான் நடமாடினால் உன் போனில் தெரியும். எல்லாம் வழக்கம்போல் நடந்தால் ஒரு பச்சை வட்டத்துக்குள் "அம்மா நலம்" என்று வரும். உன் ஆபீசிலேயே செய்தது என்று எவ்வளவு பெருமையாகக் காட்டினாய்! எனக்கும் முதலில் பிடித்திருந்தது. பிள்ளை நம்மை நினைத்துக்கொண்டே இருக்கிறான் என்று பில்டிங் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் உன் ஞாயிற்றுக்கிழமை வருகை மாதம் ஒன்றாயிற்று, தினசரி போன் வாரம் ஒன்றாயிற்று. ஐரோலிக்கும் செம்பூருக்கும் அப்படி என்ன தூரம் என்று கேட்டால், "நீ நல்லா இருக்கேன்னு எனக்குத்தான் தெரியுமேம்மா" என்றாய்.

அந்த மூன்று நாளும் நான் வீட்டில் இல்லை. நம் வீட்டில் முன்பு வேலை செய்த செல்லத்தாய்க்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தார்கள். அவள் மகள் ஊரிலிருந்து வந்து சேர மூன்று நாள் ஆகும் என்றாள். துணைக்கு நான் போனேன். பூட்டைப் பூட்டிவிட்டு, பஸ் பிடித்து, தாராவிக்குப் போய், அவளுடைய மாடி அறையில் மூன்று நாள் பாய் போட்டுப் படுத்தேன். போனைக் கிச்சனில் சார்ஜில் போட்டது போட்டபடி மறந்துவிட்டுப் போனேன். அது என் மடத்தனம். ஆனால் ஒன்று கவனித்தாயா? அந்த மூன்று நாளில் உன்னிடமிருந்து ஒரு மிஸ்டு கால்கூட இல்லை. உன் போனில்தான் அம்மா நலமாக இருந்தாளே.

திரும்பி வந்து சொன்னபோது நீ சிரித்தாய். பிறகு போனில் பதிவானதை எடுத்துப் பார்த்தாய். மூன்று நாளும் காலை ஐந்தே முக்காலுக்குப் பாத்ரூம், ஆறு மணிக்கு ஃப்ரிட்ஜ் கதவு, ஆறே காலுக்குக் கிச்சன், என் வழக்கம் ஒன்று விடாமல். முதலில் நீயே ஒரு சமாதானம் சொன்னாய். நெட் போய்விட்டால் அந்தப் பெட்டி பழைய வழக்கத்தை வைத்து இட்டு நிரப்பிக்கொள்ளும் என்று. எனக்கு உயிர் வந்தது. இரண்டு நாள் கழித்து நீயே போன் செய்து, "செக் பண்ணிட்டேம்மா. நெட் போகவே இல்ல. அப்போ நீ வீட்லதான் இருந்திருக்க. டேட்டா பொய் சொல்லாது" என்றாய். வாட்ச்மேனைக் கேட்டால் அவன், "மேடம் தோ ரோஜ் திக்தி ஹை" என்கிறான், தினமும் பார்க்கிறானாம். செல்லத்தாயைக் கேள் என்றேன். வலி மாத்திரை போட்டுக்கொண்டு கிடந்தவளுக்கு என்ன தெரியும் என்றாய். உன் தர்க்கத்தில் ஓட்டை எதுவும் இல்லை, கண்ணா. நான் திருத்தியிருந்தால் முழு மார்க் போட்டிருப்பேன்.

முப்பது வருடம் மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் நான் நடத்தியதே இதைத்தானே! மலையில் புகை தெரிகிறது. புகை இருக்கும் இடத்தில் நெருப்பு இருக்கும், அடுப்பங்கரையில் பார்த்திருக்கிறோம். ஆகவே மலையில் நெருப்பு இருக்கிறது. இதற்கு அனுமானம் என்று பெயர். நம் தேசத்து அறிஞர்கள் பல நூற்றாண்டு இதன்மேல் கோட்டை கட்டினார்கள். அந்தக் கோட்டைக்கு வெளியே நின்று கல்லெறிந்தவர்களும் இருந்தார்கள். உலகாயதர் கேட்டார்கள்: நீ எத்தனை அடுப்பங்கரை பார்த்தாய்? எல்லாவற்றையும் பார்த்தாயா? இனி வரப்போகிறதையும் பார்த்துவிட்டாயா? பார்த்த பத்தை வைத்துப் பார்க்காத பதினோராவதைச் சொல்ல உனக்கு யார் உரிமை தந்தது? அவர்களையும் மிஞ்சியவர்கள் சிலர், கண்ணால் பார்த்ததைக்கூட விடவில்லை. உன் கண் சரியாகப் பார்க்கிறது என்பதை எதை வைத்துச் சோதித்தாய், அந்தச் சோதனையை எதை வைத்துச் சோதித்தாய் என்று கேட்டுக்கொண்டே போனார்கள். இவர்களுக்கு நான் வருஷத்துக்கு ஒரே ஒரு வகுப்பு ஒதுக்குவேன், கடைசி வாரத்தில். "இந்த ஆசாமிகள் காலையில் சட்னியை எதை நம்பித் தொட்டுச் சாப்பிட்டார்கள்?" என்று கேட்பேன், வகுப்பு கொல்லென்று சிரிக்கும். பரீட்சைக்கு வராது என்று சொல்லி மூடிவிடுவேன்.

இப்போது உன் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். இதை உன்னிடம் சொல்லாமலே செத்துப்போய்விடலாம் என்றுதான் இருந்தேன்.

அப்பாவுக்கு மறதி முற்றியபோது நீ புனேயில் ஹாஸ்டலில் இருந்தாய். எனக்கு ரிட்டயர் ஆக இரண்டு வருடம் பாக்கி. செல்லத்தாய் அப்போது நம் வீட்டில் பதினோரு வருடமாக வேலை செய்துகொண்டிருந்தாள். ஒருநாள் நான் கல்லூரியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். அவள் அப்பாவின் நெற்றியில் எண்ணெய் தொட்டு வைத்து, கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். அப்பா சின்னப் பிள்ளை மாதிரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆங்காரம் வந்ததோ! தத்துவம் நடத்துகிறவள் வீட்டில் ஜெபமா, எண்ணெயா என்று கத்தி, அந்த நிமிஷமே அவளை வெளியே அனுப்பினேன். சாவியைத் திரும்ப வாங்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

அதன்பிறகு காலையில் அவருக்குச் சாப்பாடு கொடுத்து, வெளியே பூட்டுப் போடாமல், சாத்தினால் தானாகத் தாழ் விழும் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போவேன். சரியாக மூன்று மணிக்குக் கல்லூரியிலிருந்து வீட்டு லேண்ட்லைனுக்குப் போன் செய்வேன். ஒருநாள் எடுத்தவுடன் சந்தோஷமாக, "அவ வந்திருக்கா. டீ போட்டுக் குடுத்தா. பேசுறியா?" என்றார். யார் என்றேன். "பேர் தெரியல. நல்லவ" என்றார். மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. "வந்திருக்கா. பேசுறியா?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டுக்கு வந்து துப்பறிந்தேன். டம்ளர்கள் அலமாரியில் கவிழ்த்தபடி, காய்ந்து, வைத்த இடத்தில் இருந்தன. மறுநாள் பால் பாத்திரத்தில் உன் பழைய ஸ்கேலை விட்டு அளந்துவிட்டுப் போனேன். ஒரு நூல் குறையவில்லை. வந்தவள் இருந்தால் தடயம் இருக்கும், தடயம் இல்லை, ஆகவே வந்தவள் இல்லை. இல்லாத ஒன்றை இல்லை என்று அறிவதற்கும் நம் சாஸ்திரத்தில் ஒரு பெயர் உண்டு, அதையும் நான் நடத்தியிருக்கிறேன். டாக்டரிடம் போய், இவருக்கு இல்லாத ஆள் தெரிகிறாள் என்றேன். மாத்திரையைக் கூட்டினார். உனக்குப் போன் செய்து சொன்னேன், நீ அழுதாய். அவர் யாருக்காவது கதவைத் திறந்துவிடப் போகிறார் என்று பயந்து வெளியே பெரிய பூட்டு ஒன்று போட்டேன். அதன்பிறகு மூன்று மணிக்குப் போன் அடித்தால் எடுப்பதில்லை. சாயங்காலம் வந்தால், ஹாலில் இருந்த நாற்காலியை இழுத்துக் கதவை ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருப்பார். தப்பித்து ஓடத்தான் பார்க்கிறார் என்று அதற்கும் ஒரு முடிவு கட்டினேன். நாலு மாதத்தில் போய்விட்டார்.

வருஷத் திதி முடிந்த வாரம் செல்லத்தாய் வந்தாள். கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த சாவியை மேஜைமேல் வைத்தாள்.

"இது எங்கே இருந்தது?" என்றேன்.

"எங்கிட்டதான் டீச்சரம்மா. சார் தனியா கெடக்காவளேன்னு மனசு கேக்கல. நீங்க காலேசுக்குப் போனப் பெறவு மூணு மணிக்கு வந்து ஒரு டீ போட்டுக் குடுத்துட்டுப் போயிருவேன்."

"பால் குறையவில்லையே?"

"பாலு நானே வாங்கியாந்துருவேன். உங்க பாலு கொறஞ்சா கண்டுபுடிச்சிருவீயள்லா? தம்ளர கழுவித் தொடச்சுக் கமுத்திட்டுப் போவேன்."

பூட்டு போட்ட பிறகு என்ன செய்தாய் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வெளிய நின்னு பேசிட்டுப் போவேன். உள்ள இருந்து, 'சாவி இல்லியா'ம்பாவ. 'இந்தப் பூட்டுக்கு இல்ல சார்'ம்பேன். 'சரி, பேசு'ம்பாவ. கதவுல கைய வச்சிக்கிட்டே இருப்பாவ போல, நகம் படுத சத்தம் கேக்கும்."

அவளைத் தினமும் பார்த்த வாட்ச்மேனிடம் நான் ஒருநாள்கூடக் கேட்கவில்லை. அவனுக்கு அவள் இன்னும் நம் வீட்டு வேலைக்கார பாயிதான், உள்ளே விட்டிருக்கிறான். ஆனால் அதுகூடப் பெரிதில்லை. அவர் நாள்தவறாமல் என்னிடம் "பேசுறியா?" என்று கேட்டார். "குடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ரிசீவர் கை மாறியிருக்கும், அவள் குரலைக் கேட்டிருப்பேன். ஸ்கேல் வேண்டாம், சாஸ்திரம் வேண்டாம். நான் ஒவ்வொரு நாளும் சொன்னது, "அதெல்லாம் இருக்கட்டும், மாத்திரை சாப்பிட்டீங்களா?" எனக்குத்தான் தெரியுமே, அங்கே யாரும் இல்லை என்று.

உன் அப்பாவை நான் கொன்றுவிட்டேன் என்று சொல்லமாட்டேன், அந்த நாடகமெல்லாம் எனக்கு வராது. நோய் அவரைக் கொண்டுபோயிற்று. ஆனால் கடைசி நாலு மாதம் அவருக்கு இருந்த ஒரே சந்தோஷத்தை நான் பூட்டி வைத்தேன். செல்லத்தாய் காலில் விழப்போனேன், அவள் விடவில்லை. அன்றிலிருந்து எங்களுக்குள் இருப்பதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. அவளுக்கு முழங்கால் என்றால் நான் ஏன் ஓடினேன் என்று உனக்கு இப்போது புரியும்.

அந்த மூன்று நாள் கழித்து வீட்டைத் திறந்து உள்ளே போனேன் அல்லவா, அதை உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. பூட்டு போட்டபடி இருந்தது. வாசல் கைப்பிடியில் மூன்று நாள் பால் பை தொங்கியிருக்கவேண்டும், ஒன்றும் இல்லை. பால்காரனிடம் வேண்டாம் என்று சொன்னேனா? சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். சத்தியம் செய்யச் சொன்னால் செய்யமாட்டேன். அலமாரியைத் திறந்தேன். டம்ளர்கள் கவிழ்த்தபடி, காய்ந்து, வைத்த இடத்தில் இருந்தன. வேறு எந்தப் பெண்ணும் அதைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டிருப்பாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். காய்ந்த டம்ளருக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு ஏற்கெனவே ஒருமுறை தெரிந்துபோயிற்றே.

இன்னொன்று. நீ அனுப்பிய பட்டியலில் காலை நேரமெல்லாம் என் வழக்கம், ஒப்புக்கொள்கிறேன். கடைசி வரியை நீ கவனிக்கவில்லை. மூன்று நாளும் மதியம் மூன்று மணிக்கு "வாசல்" என்று இருக்கிறது. இருபத்தைந்து நிமிஷம் அங்கேயே. அந்த நாற்காலி இன்னும் கதவை ஒட்டித்தான் கிடக்கிறது, அதை நகர்த்த எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அதில் நான் உட்கார்ந்ததே இல்லை, கண்ணா. இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட இல்லை. மதியம் அந்தப் பக்கமே போகமாட்டேன், ரூமில் படுத்துவிடுவேன். உன் பெட்டி இட்டு நிரப்பியதாகவே வைத்துக்கொள்வோம், அந்த வழக்கத்தை அது யாரிடமிருந்து படித்தது? பெட்டியை நீ ஒட்டியதே அவர் போன பிறகுதான்.

ஒருவேளை நான்தான் வீட்டில் இருந்தேனோ என்றும் பல நாள் யோசித்துவிட்டேன். நீ சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்தது. செல்லத்தாய் அறையில் படுத்திருந்தது கனவோ? தையல் மெஷின் சத்தம், கீழே தோல் பை தைக்கிற இடத்துப் பசை நாற்றம், எல்லாம் கனவோ? அந்தக் கல்லெறிகிறவர்கள் முப்பது வருஷம் காத்திருந்து என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். நீ விழித்திருந்தாய் என்பதை எதை வைத்துச் சோதித்தாய், டீச்சரம்மா, என்கிறார்கள். பயமாக இருக்கிறது. இதைச் சொல்ல வெட்கமில்லை, பயமாக இருக்கிறது.

அதனால் இன்று போனை மறக்காமல் எடுத்துக்கொண்டு மறுபடி தாராவிக்கு வந்திருக்கிறேன். இரும்பு ஏணியில் ஏறி வந்தது இன்னும் மூச்சு வாங்குகிறது. இந்தக் கடிதத்தைச் செல்லத்தாயின் மடக்கு மேஜையில் வைத்துத்தான் காலையிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் ஆப் என் போனிலும் இருக்கிறதே, அதைத் திறந்து பக்கத்தில் வைத்திருக்கிறேன். மணி இரண்டு ஐம்பது. கீழே மெஷின் ஓடுகிறது. செல்லத்தாய் காலை நீட்டிக்கொண்டு, "அதப் பாக்காதீய டீச்சரம்மா, போனக் கமுத்தி வையுங்க" என்கிறாள். வைக்கப்போவதில்லை.

மூன்று மணி ஐந்து நிமிஷம். "வாசல்" என்று வந்துவிட்டது. பச்சை வட்டம். அம்மா நலம்.

செல்லத்தாய் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏசுவே" என்றாள். பிறகு மெதுவாக, "அங்க இருக்கது யாரு டீச்சரம்மா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். முப்பது வருஷத்தில் எந்த மாணவியிடமும் நான் சொல்லாத வார்த்தை அது. உன் பெட்டி கெட்டுப்போயிருக்கலாம். என் தலை கெட்டுப்போயிருக்கலாம். யாரோ எதற்கோ கதவுப் பக்கம் காத்துக்கொண்டிருக்கலாம். எதுவென்று எனக்கு நிஜமாகவே தெரியாது. தெரிந்துவிட்டது என்று மறுபடி ஒருமுறை முடிவு கட்டமாட்டேன், நீயும் கட்டாதே, அதைத்தான் கேட்கிறேன். பரிசோதனைக்கு வருகிறேன். பன்வேலுக்கும் வருகிறேன். நான் சாகிற அன்றைக்கும் உன் போனில் அம்மா ஆறு மணிக்கு ஃப்ரிட்ஜைத் திறப்பாள் என்று மட்டும் எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

இந்தப் பக்கங்களை இப்போதே போட்டோ எடுத்து அனுப்புகிறேன். நித்யா வாசித்து முடித்த உடனே எனக்குப் போன் செய். என் மொபைலுக்குச் செய். வீட்டு லேண்ட்லைனுக்குச் செய்யாதே, யாராவது எடுத்துவிட்டால் எனக்குத் தாங்காது. நான் தாராவியில் இருக்கிறேன் என்று சொல்வேன். நீ நம்பவேண்டும் என்று இல்லை. "செல்லத்தாய் பக்கத்துல இருக்கா, பேசுறியா?" என்று கேட்பேன்.

குடு என்று சொல், கண்ணா.